அகமகிழ்வோம்! அடிபணிவோம்!

(ஆலயப் பவள விழா நவநாளின் முதல் மாலையில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



நமது ஆலயம் எழுந்து 75 ஆண்டுகள் நிறைவுறும் இந்நன்னாளில் கொடி ஏறிவிட்டது. கோபுரத்தில் விளக்குகள் ஒளிர்கின்றன. பிழைப்புக்காக வெளியூர் சென்ற பிள்ளைகள் ஒவ்வொருவராக ஊர் திரும்பிக்கொண்டிருக்கிறார்கள். எங்கு நோக்கினும் மகிழ்ச்சி! இந்த மகிழ்ச்சியின் நடுவே, விழாக்குழுக் கூட்டங்களில் எழுந்த ஒரு வழக்கை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

விழாத் திருப்பலியில் மேளமும் மற்ற இசைக்கருவிகளும் முழங்க வேண்டும், கோவிலே அதிர வேண்டும் என்பது இளைஞர்களின் கட்சி. "கோவில் என்ன கலியாண மண்டபமா? அமைதியாக முழந்தாளிட்டுச் செபிக்க விடுங்கள்" என்பது பெரியவர்களின் கட்சி. இரு திறத்தாரும் நம்மிடம் வந்து தீர்ப்புக் கேட்டார்கள். அன்று நாம் தீர்ப்புச் சொல்லவில்லை. "நவநாளின் முதல் மாலையில் பதில் சொல்கிறோம், போய்வாருங்கள்" என்று அனுப்பிவைத்தோம். இதோ அந்த மாலை வந்துவிட்டது.

தீர்ப்புக்கு முன் அடிப்படையான கேள்வி ஒன்று உண்டு. கடவுளை நாம் ஏன் வழிபட வேண்டும்? நாம் புகழாவிட்டால் அவர் குறைந்துபோவாரா? நாம் பாடினால் அவர் பெருமை கூடுமா? இல்லவே இல்லை! திருப்பலியின் பொதுத் தொடக்கவுரைகளுள் ஒன்று இதனை மிகத் தெளிவாகச் சொல்கின்றது. நமது புகழ்ச்சி இறைவனுக்குத் தேவையில்லை. அவருக்கு நன்றி செலுத்துவதும் அவர் தந்த கொடையே. நம் புகழுரைகள் அவருக்கு எதையும் கூட்டுவதில்லை. நமக்கே மீட்பைத் தருகின்றன. இதுவே அதன் கருத்து. வெயிலில் நடந்து வந்தவன் ஊருணியைப் புகழ்ந்தால் ஊருணியில் தண்ணீர் கூடிவிடாது. ஆனால் குனிந்து அள்ளிப் பருகினால் அவன் உயிர் குளிரும். குனியாதவனுக்குத் தண்ணீர் இல்லை. பருகியவன் முகம் மலராமல் இருப்பதும் இல்லை. குனிவதும் மலர்வதும் ஒரே செயலில் அடங்கிவிடுகின்றன அன்றோ!

வழிபாடும் அத்தகையதே என்பதற்கு 95-ஆம் சங்கீதமே சான்று. பழைய எண்ணிக்கையில் இது 94-ஆம் சங்கீதம். குருக்களும் துறவியரும் நாள்தோறும் சொல்லும் கட்டளைச் செபம் இந்தச் சங்கீத அழைப்போடுதான் தொடங்குவது வழக்கம். நாமும் குருமடத்தில் அரைத் தூக்கத்தில் எழுந்து, ஆண்டுக்கணக்கில் இதனைச் சொல்லி வந்தோம். வாய் சொல்லிற்று, மனம் கவனிக்கவில்லை. குருப்பட்டம் பெற்றுப் பல ஆண்டுகள் கழிந்த பிறகே, அதனுள் இருந்த ஒரு வியப்பு நம் கண்ணில் பட்டது.

இந்தச் சங்கீதத்தில் மூன்று பகுதிகள் உண்டு. முதற் பகுதி, ஆண்டவர் முன் ஆர்ப்பரித்துப் பாட வாருங்கள் என்று அழைக்கின்றது. இரண்டாம் பகுதி, தாழ்ந்து பணிந்து முழந்தாளிட வாருங்கள் என்று அழைக்கின்றது. மூன்றாம் பகுதி, இன்று அவர் குரலைக் கேட்டால் உள்ளத்தைக் கடினப்படுத்தாதீர்கள் என்று எச்சரிக்கின்றது.

முதல் இரண்டு அழைப்புகளுக்கும் சங்கீத ஆசிரியர் காரணம் கூறுகிறார். அந்தக் காரணங்களைக் கூர்ந்து பாருங்கள். நம்மிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்போம்? கடவுள் மாபெரும் அரசர், ஆகவே அஞ்சிப் பணிவோம். கடவுள் நம் அன்புத் தந்தை, ஆகவே மகிழ்ந்து பாடுவோம் என்றுதானே சொல்லியிருப்போம்? சங்கீதமோ அதை மாற்றிச் சொல்கின்றது! அவர் மாபெரும் அரசர், பூமியின் ஆழங்களும் மலையுச்சிகளும் அவர் கையில் உள்ளன, கடலும் நிலமும் அவர் படைத்தவை. ஆகவே மகிழ்ந்து பாடுங்கள் என்கின்றது. அவர் நம்மை உருவாக்கியவர், நம் கடவுள், நாம் அவர் மேய்க்கும் மந்தை. ஆகவே முழந்தாளிடுங்கள் என்கின்றது.

ஏன் இப்படி? சிந்தித்துப் பாருங்கள். நம் கடவுள் சிறியவராக இருந்தால் நமக்கு என்ன மகிழ்ச்சி இருக்க முடியும்? மழை பொய்த்தால், நோய் வந்தால், மரணம் நேர்ந்தால், அவரும் நம்மோடு சேர்ந்து கைபிசைந்து நிற்பார்! மலையும் கடலும் அவர் கைக்குள் இருப்பதால்தான் நம் வாழ்வும் அந்தக் கைக்குள் பத்திரமாக இருக்கின்றது. அவருடைய பெருமையே நமது மகிழ்ச்சி. அத்துணைப் பெரியவர் நம் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்து மேய்க்கிறாரே, அதுதான் நம் முழங்காலை மடக்குகின்றது. தூரத்து அரசனுக்கு மக்கள் பயத்தால் தலைகுனிவார்கள். நம் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்து நலம் விசாரிக்கும் பேரரசர் முன்போ அன்பினால் தலைகுனிவோம். பெரியவர் என்பதால் மகிழ்கிறோம். நம்மவர் என்பதால் பணிகிறோம்.

இவ்விரண்டும் ஒன்றுசேராவிட்டால் என்ன ஆகும்? சாமுவேல் இரண்டாம் நூலின் 6-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். தாவீது அரசர் உடன்படிக்கைப் பேழையை எருசலேமுக்குக் கொண்டுவரப் புறப்படுகிறார். பேழையைப் புது வண்டியில் ஏற்றி, மாடுகளைப் பூட்டி, யாழும் மத்தளமும் கைத்தாளமும் முழங்க, ஊர்வலம் கோலாகலமாகப் போகின்றது. வழியில் மாடுகள் இடறுகின்றன. உசா என்பவன் கைநீட்டிப் பேழையைப் பிடிக்கிறான். அவ்விடத்திலேயே விழுந்து இறக்கிறான். பாட்டு நின்றது; ஊர்வலம் கலைந்தது. தாவீது அஞ்சி நடுங்கினார். பேழையை ஓபேது ஏதோம் என்பவர் வீட்டில் வைத்துவிட்டுத் திரும்பினார்.

இது நமக்குக் கடினமாகத் தோன்றும் நிகழ்ச்சியே. ஆனால் குறிப்பேடு முதல் நூலின் 15-ஆம் அதிகாரத்தில் தாவீதே அதன் பொருளைச் சொல்கிறார். பேழையை லேவியர் தண்டுகளில் ஏந்தித் தோளில் சுமக்க வேண்டும் என்பது மோசே வழியாக வந்த கட்டளை. முதல் தடவை அதனை யாரும் கேட்டுப் பார்க்கவில்லை. மகிழ்ச்சி இருந்தது, மத்தளம் இருந்தது, கடவுள் என்ன சொன்னார் என்ற கவனம் மட்டும் இல்லை. இறைவனின் பேழை வண்டியில் ஏற்றிய சரக்காகிவிட்டது.

மூன்று மாதங்கள் சென்றன. பேழை தங்கிய வீடு ஆசி பெற்றது என்று கேள்விப்பட்ட தாவீது மீண்டும் வருகிறார். பயந்துபோனவர் இனிமேல் ஓசையில்லாமல் கொண்டுபோவோம் என்று முடிவு செய்தாரா? இல்லை! பேழை இப்போது தோளில் வருகின்றது. ஆறு அடி வைத்ததும் நின்று பலி செலுத்துகிறார். அதன் பிறகு, சணல்நூல் ஏபோது மட்டும் அணிந்து, தம் முழு வலிமையோடு ஆண்டவர் முன் ஆடுகிறார்! அச்சம் மகிழ்ச்சியைக் கொன்றுவிடவில்லை. அதற்கு வேர் கொடுத்தது.

அந்நேரம் சவுலின் மகள் மீக்கால் சாளரத்தில் நின்று பார்க்கிறாள். அரசர் ஆடுவதைக் கண்டு உள்ளத்தில் இகழ்கிறாள். உசா பேழையை நெருங்கித் தொட்டான், பணிவு இல்லாமல். மீக்கால் தொடவும் இல்லை, நெருங்கவும் இல்லை. மேலே நின்று குற்றம் பார்த்தாள். இருவருமே வழிபடவில்லை.

சகோதரரே, அந்தச் சாளரத்தில் நாமும் ஒரு காலம் நின்றிருக்கிறோம். மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

முன்பு நாம் பணிபுரிந்த ஒரு சிற்றூரில் வயது முதிர்ந்த அம்மா ஒருவர் இருந்தார். விடியுமுன் வந்து கோவிலைப் பெருக்குவார். படியில் செருப்பை விட்டு, தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் உள்ளே வருவார். எத்தனை தடவை பீடத்தின் குறுக்கே போனாலும் அத்தனை தடவையும் முழங்கால் தரையைத் தொடும். ஆனால் பூசையில் பாட்டுத் தொடங்கினால் போதும், பாடகர் குழுவுக்குத் தொல்லை! உரத்த குரல், சுருதியும் சேராது, தாளமும் சேராது. பாடகர்கள் முறையிட்டார்கள். நமக்கும் அது இடைஞ்சலாகவே இருந்தது. ஒருநாள், "பாட்டி, கொஞ்சம் மெதுவாகப் பாடக் கூடாதா?" என்று சொல்லிவிட்டோம். "சரி சாமி" என்றார். அதன் பிறகு அவர் பாடவே இல்லை. வாயை மூடிக்கொண்டு நின்றார்.

பாட்டு ஒழுங்காயிற்று. ஆனால் கோவிலில் ஏதோ குறைந்துவிட்டது போல் நம் மனம் உறுத்தியது. சில வாரங்கள் கழித்து அவர் வீட்டுக்கே போனோம். "பாட்டி, நாங்கள் சொன்னது தப்பு. நீங்கள் பாடுங்கள்" என்றோம். அவர் பதறிப்போய், "ஐயோ சாமி, நீங்க போயி இப்படிச் சொல்லலாமா? என் தொண்டை லட்சணம் எனக்குத் தெரியாதா? என் மக பேறுகாலத்துல பிழைக்கமாட்டான்னு சொல்லிட்டாங்க. விடிய விடியக் கோவில்ல முழங்கால்ல கிடந்தேன். புள்ளையும் தாயுமா வீட்டுக்கு வந்தாங்க. அன்னையில இருந்து பாட்டுன்னா எனக்கு மெதுவா வரமாட்டேங்குது" என்றார்.

வேதசாஸ்திரம் கற்ற நாம் பேச்சிழந்து நின்றோம். முழந்தாளிட்ட அதே இடத்தில்தான் அந்த அம்மாவுக்குப் பாட்டுப் பிறந்தது! கல்லறையிலிருந்து ஓடிய பெண்கள் அச்சமும் பெருமகிழ்ச்சியும் கொண்டிருந்தார்கள் என்று மத்தேயு நற்செய்தியின் 28-ஆம் அதிகாரம் கூறுகின்றது. அச்சமும் மகிழ்ச்சியும் எப்படி ஒன்றாக இருக்கும் என்று வகுப்பறையில் விவாதித்தோம். எழுத்தறியாத அந்த அம்மாவின் நெஞ்சில் இரண்டும் ஒன்றாகவே குடியிருந்தன. அடுத்த ஞாயிறு அவர் மீண்டும் பாடினார். தாளம் சேரவில்லை, எங்கள் கண்கள் கலங்கின.

இனி நம் வழக்குக்கு வருவோம். நம் பங்கின் முதியோரில் சிலர் இலத்தீன் பூசையைக் கண்டவர்கள். மொழி விளங்காவிட்டாலும், மறைபொருளின் முன் நிற்கிறோம் என்ற நடுக்கம் அவர்களுக்கு இருந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கத் தந்தையர் 2,147 பேர் ஆதரவாகவும் 4 பேர் மட்டுமே எதிராகவும் வாக்களிக்க, திருவழிபாடு பற்றிய சாசனத்தைப் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் 1963-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாள் வெளியிட்டார். தாய்மொழி வழிபாட்டுக்கு வழி திறந்தது. அச்சாசனத்தின் 30-ஆம் எண்ணைப் படியுங்கள். மக்கள் பதிலுரைகளிலும் சங்கீதங்களிலும் பாடல்களிலும் செயல்களிலும் பங்குகொள்ள வேண்டும் என்கின்றது. உரிய நேரத்தில் புனித மௌனம் காக்க வேண்டும் என்றும் அதே எண்ணில் சொல்கின்றது. பாட்டும் மௌனமும் அங்கே பகைவர் அல்லர். 1969-ஆம் ஆண்டில் இந்தியத் திருச்சபைக்கு உரோமை இசைவளித்த 12 வழிபாட்டுத் தழுவல்களிலும் இதனைக் காணலாம். காலணியைக் கழற்றுவதும், கைகூப்புவதும், பஞ்சாங்கப் பணிவும் அதில் உண்டு. மலரும் ஒளியும் தூபமும் கொண்ட ஆரத்தியும் உண்டு.

ஆகவே, இளைஞரே, கொட்டுங்கள், பாடுங்கள்! ஆனால் மக்களின் குரலை மூழ்கடிக்கும் கொட்டு வேண்டாம். நற்கருணை உட்கொண்டபின் சிறிது நேரம் எந்தக் கருவியும் ஒலிக்க வேண்டாம். அந்த மௌனம் இல்லையேல் நாமும் பேழையை வண்டியில் ஏற்றியவர்கள் ஆவோம். பெரியோரே, முழந்தாளிடுங்கள்; பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுங்கள். ஆனால் சாளரத்திலிருந்து இறங்கி வாருங்கள். ஆண்டவர் முன் ஆடும் பிள்ளையை இகழாதீர்கள்.

சங்கீதத்தின் மூன்றாம் பகுதியை மறந்துவிட வேண்டாம். பாலைநிலத்தில் ஆண்டவர் நம் நடுவில் இருக்கிறாரா இல்லையா என்று முறுமுறுத்த மக்களைப் போல் உள்ளம் கடினப்படக் கூடாது. பாடியும் பணிந்தும் முடித்த பிறகு, அவர் குரலுக்குச் செவிசாய்க்கிறோமா என்பதே உரைகல். தாவீது ஆட்டத்தோடு நிறுத்தவில்லை. ஆண் பெண் என்று பாராமல், வந்த மக்கள் அனைவருக்கும் ஆளுக்கோர் அப்பம் பகிர்ந்தளித்தே அனுப்பினார். நமது விழாவின் கடைசி நாளில் அசனம் நடைபெறும். எந்தத் தெருவார், எந்த வீட்டார் என்று பாராமல் எல்லாரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்போம். பல ஆண்டுகளாகப் பேச்சில்லாமல் இருக்கும் உடன்பிறந்தார் இருவர் அன்று அடுத்தடுத்து அமர்ந்தால், எத்தனை மேளம் முழங்கினாலும் அதற்கு ஈடாகாது.

எல்லாம் வல்ல இறைவா! நீர் பெரியவர்; ஆதலால் உம்மில் மகிழ்கின்றோம். நீர் எங்களவர், ஆதலால் உம்மைப் பணிகின்றோம். 75 ஆண்டுகளாக இவ்வாலயத்தில் பாடியவர்களையும் கண்ணீரோடு முழந்தாளிட்டவர்களையும் நினைவுகூர்ந்தருளும். எங்கள் பிள்ளைகளும் இதே தரையில் பணிந்து, இதே கூரையின்கீழ் பாடும்படி அருள்புரியும். ஆமென்.