மூட்டு வலிக்கு மாத்திரை மட்டும் தீர்வாகுமா?

(வியாபாரிகளும் இளைஞர்களும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)

 

காலையில் கடை திறந்தால் இரவு பத்து மணி வரை நிற்கிறோம். முழங்கால் வலித்தால் என்ன செய்கிறோம்? பையனை மருந்துக் கடைக்கு அனுப்பி, "மூட்டு வலிக்கு ரெண்டு மாத்திரை வாங்கிட்டு வா" என்கிறோம். என்ன மாத்திரை என்று கேட்பதும் இல்லை. இது சரிதானா? சிந்தியுங்கள்!

வலிக்காக மாடுகளுக்கு டைக்ளோஃபெனாக் மருந்து கொடுத்தார்கள். செத்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டு லட்சக்கணக்கில் மடிந்தன. 2006ல் இந்திய அரசு கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தடை செய்தது. மனிதன் கழுகல்ல, மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நாள் வரை சாப்பிடலாம். ஆனால் நாமாகவே மாதக்கணக்கில் விழுங்கினால் வயிற்றுப் புண்ணும் இரத்தக் கசிவும் சிறுநீரகக் கோளாறும் வரக்கூடும். சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். பெயர் இல்லாத பொட்டலப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதும் உண்டு. எச்சரிக்கை!

மூட்டு வலி ஒன்றல்ல, பல. மூன்றை மட்டும் தெரிந்து கொள்ளுங்கள்.

முதலாவது, தேய்மானம். எழும்போதும் படி ஏறும்போதும் முழங்கால் வலிக்கும். உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்கால் சுமக்கும் பாரம் சுமார் 4 கிலோ குறைகிறது. நாற்காலியில் அமர்ந்து காலை நேராக நீட்டி, பத்து எண்ணி இறக்குங்கள். காலுக்குப் பத்து முறை, தினம் இரு வேளை. தொடைத் தசை பலப்பட்டால் மூட்டின் சுமை குறையும். கடையில் ஸ்டூல் போடுங்கள். உங்களுக்கு மட்டுமல்ல, வேலை பார்க்கும் பையன்களுக்கும்தான்! ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021ல் தமிழகக் கடைகள், நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டுள்ளது.

இரண்டாவது, யூரிக் அமில வாதம். நள்ளிரவில் கால் பெருவிரல் சிவந்து வீங்கும். போர்வை பட்டாலும் துடிக்கும். ஈரல், குடல், ஆட்டிறைச்சியைக் குறையுங்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள். இரத்தப் பரிசோதனை செய்து மருத்துவரிடம் மருந்து பெறுங்கள்.

மூன்றாவது, முடக்குவாதம். உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்கும் நோய். பெண்களுக்கே அதிகம். காலையில் எழுந்தால் இரு கை விரல்களும் நெடுநேரம் மடக்க முடியாமல் இறுகியிருக்கும். "டம்ளரைப் பிடிக்க முடியலப்பா" என்று தாயார் சொன்னால், "வயசானா அப்படித்தான்" என்று நகர்ந்து விடுகிறோமே, இது நியாயமா? முதல் சில மாதங்களிலேயே சிகிச்சை தொடங்கினால் மூட்டுகளைக் காப்பாற்றலாம். கோணிய விரலை எந்த மாத்திரையும் நிமிர்த்தாது! புகை பிடிப்பதும் இந்நோய் வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது. இளைஞர்களே, இதைக் கவனியுங்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் வாத நோய்களுக்கென்றே தனித்துறை இருக்கிறது.

ஒரு மூட்டு திடீரென வீங்கிச் சூடாகி, காய்ச்சலும் சேர்ந்தால் அது கிருமித் தொற்றாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

சகோதரர்களே! கடைக்கு ஒரு நாள் விடுமுறை விட்டால் ஒரு நாள் வியாபாரம்தான் போகும். இன்று வீட்டுக்குப் போனதும் தாயாரின் விரல்களைப் பிடித்துப் பாருங்கள். வீக்கம் இருந்தால், நாளைக் காலை கடை திறக்கும் முன் அவர்களை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.