கடல் கடந்த முதல்



பிற தேசத்தில் சரக்கு விற்கவோ முதல் போடவோ புறப்படும் கம்பெனிகளுக்கு யோசனை சொல்லும் புத்தகங்களுக்கு இன்று பஞ்சமில்லை. ஆயினும் அவற்றைப் புரட்டும்போதெல்லாம், வாணிப சாஸ்திரத்தைக் கல்லூரியில் பயிலாமல், பேரேட்டையும் ஐந்தொகையையுமே பாடமாகக் கொண்டு, செட்டிநாட்டிலிருந்து கப்பலேறி பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போன நகரத்தார் செட்டியார்களின் சரித்திரமே என் நினைவில் எழுகிறது.

1852-இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமாகி, 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்து ஐரோப்பாவுக்குக் கடல்வழி குறுகிய பின்னர், ஐராவதி முகத்துவாரத்துச் சதுப்பு நிலத்தையெல்லாம் நெல்வயலாக்கும் வேகம் பிறந்தது. நெல்லை வாங்கி அரைத்து ஏற்றுமதி செய்ய ரங்கூனில் ஐரோப்பிய ஆலைகள் இருந்தன. காட்டை வெட்டி உழுவதற்குப் பர்மியக் குடியானவன் இருந்தான். அவனுக்கு அறுவடை வரையில் கடன் கொடுப்பாரைத்தான் காணோம். பெரிய பாங்கிகள் துறைமுக நகரங்களைத் தாண்டிக் கிராமத்துக்குள் கால் வைக்கத் துணியாத அந்த இடத்தில்தான் செட்டியார் தம் பெட்டியைக் கொண்டுபோய் வைத்தார்.

அவர்கள் ஏற்படுத்திய ஒழுங்கு வியக்கத்தக்கது. பெட்டியடிப் பையனாகப் போகும் சிறுவன், அந்நாட்டுப் பாஷையைப் பேசப் பழகி, அடுத்தாளாகிப் பின்னர் மேலாளாகி, முதலாளியின் அதிகார பத்திரத்துடன் ஒரு கடையையே நடத்துவான். மூன்று வருஷத் தவணை முடிந்ததும் கணக்கை ஒப்புவித்து, இலாபத்தில் தனக்குரியதைப் பெற்றுக்கொண்டு ஊர் திரும்புவான். ரங்கூன் முகல் தெருக் கோயிலில் மாதந்தோறும் கூடி நடப்பு வட்டியை நிர்ணயித்தார்கள். சந்நிதியில் வட்டி பேசுவதா என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். பொய்க்கணக்கு எழுத அஞ்சச் செய்வதற்கு அதைவிட மலிவான தணிக்கை அதிகாரி கிடைத்திருக்கமாட்டார். 1930-ஐ ஒட்டி அரசாங்கம் நியமித்த பாங்கி விசாரணைக் கமிட்டி எண்ணிப் பார்த்தபோது, பர்மாவில் சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்தன. அவை கொடுத்திருந்த கடனோ ஏறக்குறைய 75 கோடி ரூபாய்.

ஆனால், அனுப்பிய ஆள் ஊர் திரும்புவதற்கு இத்தனை செம்மையாக ஏற்பாடு செய்தவர்கள், அனுப்பிய பணம் ஊர் திரும்புவதற்கு வழி செய்துகொள்ளவில்லை என்பதே என் கருத்து. எல்லாக் கடனும் ஒரே பயிரை நம்பியது. ஈடு முழுவதும் அப்பயிர் விளையும் நிலம். உலகப் பெருமந்தத்தில் நெல்விலை பாதிக்கும் கீழே விழுந்தபோது குடியானவனால் வட்டியும் கட்ட முடியவில்லை; நெல் விளையும் முக்கியமான பதின்மூன்று ஜில்லாக்களில், 1930-இல் நூற்றுக்கு ஆறாக இருந்த செட்டியார் நிலம், 1937-க்குள் நூற்றுக்கு இருபத்தைந்தாயிற்று. அவர்கள் கேட்டது பணம். வந்ததோ வாங்குவாரற்ற வயல். வெட்டித் திருத்திய மண்ணை இழந்து, அதிலேயே குத்தகைக்காரனாக நின்ற பர்மியன் மனம் கசந்தான் என்றால், அதில் வியப்பென்ன? பின்னர் 1942-இல் ஜப்பானியப் படையெடுப்பு வந்தது; 1948-இல் சுதந்திர பர்மாவின் நில தேசியமயச் சட்டமும் வந்தது. மீதி இருந்தது பத்திரங்கள்தாம்.

காலத்தில் கண் விழித்தவர்களும் இல்லாமலில்லை. கிராமத்துக் கடனை விட்டு அந்நியச் செலாவணியின் பக்கம் திரும்பிய மு. சித. மு. சிதம்பரம் செட்டியார், 1937 பிப்ரவரி 10-ஆம் தேதி, காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் இந்தியன் ஓவர்சீஸ் பாங்கியைத் திறந்தார். பர்மா இந்தியாவிலிருந்து ஆட்சிமுறையில் பிரிந்தது அதற்கு ஐம்பது நாளைக்குப் பின்னர்தான். மௌல்மீனில் லேவாதேவி நடத்திய முருகப்பச் செட்டியார் குடும்பமோ, ஜப்பானியர் வருமுன்னரே தன் முதலை இந்தியாவுக்குக் கொண்டுவந்துவிட்டது.

1949-இல், இந்தியாவில் சைக்கிள் செய்து விற்க விரும்பிய இங்கிலாந்தின் ட்யூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் கம்பெனி, அந்நிய மண்ணில் தனக்கு ஒரு கூட்டாளியைத் தேடிக்கொண்டது. அது கைகோத்தது இதே முருகப்பச் செட்டியார் குடும்பத்தோடுதான். அம்பத்தூர் ஆலையிலிருந்து முதல் சைக்கிள் 1951-இல் வெளிவந்தது.