போகம்பரையில் முதல் றக்பி

பழைய தெல்தெனிய நகரம் விக்டோரியா நீர்த்தேக்கத்தின் அடியிற் கிடக்கின்றது. 1980களில் மகாவலிக்கு அணை எழுந்தபோது அது மூழ்கிற்று. அப்பகுதிப் பிள்ளைகள் ஆட்டம் பார்க்கக் கண்டிக்குச் சென்றால் காணும் போகம்பரை மைதானத்தின் கதையோ நேர்மாறானது. வாவியைத் தூர்த்து அமைத்த நிலம் அது.

அங்கேதான் 1906ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், இந்நாட்டுப் பாடசாலைகளுக்கிடையே முதலாவது றக்பிப் போட்டி நிகழ்ந்தது. காற்பந்தின் கிளையாகிய இவ்வாட்டத்தில் எதிர்நின்றவை கிங்ஸ்வுட் கல்லூரியும் திரித்துவக் கல்லூரியும். கிங்ஸ்வுட்டை 1891இல் 11 மாணவரோடு தொடங்கி, அங்கு றக்பியையும் புகுத்திய லூயிஸ் எட்மன் பிளேஸ், தாமே திரித்துவக் கல்லூரியிற் பயின்றவர். தாய்க்கல்லூரிக்கு எதிரே தாம் வளர்த்த பிள்ளைகள்! அவர் மனம் எப்பக்கம் சாய்ந்திருக்கும் என்று நான் சொல்லவும் வேண்டுமோ?

ஆட்டம் 6க்கு 6 எனச் சமநிலையில் முடிந்தது. அன்று கேடயமுமில்லை, கிண்ணமுமில்லை. றோயல், திரித்துவக் கல்லூரிகள் பொருதும் பிராட்பி கேடயம் 1945இலேதான் வந்தது. வாகை சூடியோரை எண்ணுவோர் 1906ஐக் கடந்து சென்றுவிடுவர். எனக்கோ பிந்திய வாகைகள் யாவற்றினும் அவ்வாட்டமே பெரிது. பிறந்து 15 ஆண்டுகளே ஆன பள்ளி, 1872இல் தோன்றிய மூத்த கல்லூரியோடு பொருது தோற்காமல் வீடு திரும்பிற்று.