இன்ஜினுக்குள் எந்த எடையைக் குறைக்கலாம்?



மோட்டார் சைக்கிள் மெக்கானிக் கடைகளில் இளைஞர்கள் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்வி உண்டு. "அண்ணே, இன்ஜினுக்குள்ள வெயிட்டைக் குறைச்சா வண்டி நல்லா பிக்கப் ஆகுமா?" லேசான பிஸ்டன் மாட்டலாமா, ஃப்ளைவீலை லேத்தில் கொடுத்துக் கடைந்துவிடலாமா என்று பேச்சு அதிலிருந்து நீளும். பணத்தோடும் உயிரோடும் தொடர்புள்ள கேள்வி என்பதால் இதற்கு நிதானமாகப் பதில் தேடவேண்டும். எந்த உறுப்பின் எடை, அந்த உறுப்பு எப்படி அசைகிறது, வண்டி எந்தச் சாலையில் ஓடுகிறது என்ற மூன்றையும் பார்த்துவிட்டால் பதில் கிடைத்துவிடும்.

இன்ஜினுக்குள் அசையும் உறுப்புகள் இரண்டு வகை. பிஸ்டன், ரிங், பிஸ்டன் பின், கனெக்டிங் ராடின் மேல் பகுதி, வால்வு ஆகியவை முன்னும் பின்னுமாகப் போய்வருபவை. கிராங்க், ஃப்ளைவீல், கிளட்ச் ஆகியவை சுழல்பவை. எடை குறையும்போது இந்த இரண்டு வகையும் ஒரே மாதிரி பலன் தருவதில்லை.

முதலில் பிஸ்டன். நமக்கு நன்கு தெரிந்த பழைய புல்லட் 350 வண்டியையே எடுத்துக்கொள்வோம். அதன் இன்ஜின் 346 சிசி. சிலிண்டரின் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர். இன்ஜின் நிமிடத்துக்கு 5,000 சுற்று சுற்றும்போது நொடிக்கு ஏறத்தாழ 83 முறை பிஸ்டன் உச்சிக்குப் போய், அங்கே நின்று, திசை மாறிக் கீழே இறங்குகிறது. பிஸ்டன், ரிங், பின் எல்லாம் சேர்ந்து 300 கிராம் என்று வைத்துக் கணக்குப் போட்டால், உச்சியில் அதைத் தடுத்துத் திருப்ப கனெக்டிங் ராட் இழுக்கவேண்டிய விசை, 375 கிலோ எடையைத் தொங்கவிட்ட அளவுக்கு வருகிறது. இது எளிய கணக்கு. ராட் சாய்ந்து இயங்குவதையும் சேர்த்தால் உச்சியில் இன்னும் கூடும். சுற்று இரண்டு மடங்கானால் இந்த விசை நான்கு மடங்காகும்.

அதே பிஸ்டனில் 50 கிராம் குறைத்தால் 60 கிலோவுக்கு மேற்பட்ட இழுப்பு குறைகிறது. கிராங்க் பேரிங்குக்கும், ராடுக்கும், ராட் போல்ட்டுக்கும் அது பெரிய நிம்மதி. வால்வுக்கும் இதே நியாயம்தான். வால்வு கனமாக இருந்தால், அதிக சுற்றில் ஸ்பிரிங்கால் அதைக் கேமோடு ஒட்டவைக்க முடியாமல் போய்விடும். வால்வு மிதக்கத் தொடங்கும், சக்தி விழும். வால்வு லேசானால் அந்த எல்லை மேலே நகர்கிறது.

பந்தய வண்டி செய்பவர்கள் இதை எவ்வளவு தூரம் கொண்டுபோனார்கள் என்பதற்கு ஹோண்டாவின் ஆர்சி166 நல்ல சாட்சி. 1966-இல் மைக் ஹெய்ல்வுட் 250 சிசி உலகப் பட்டம் வென்ற வண்டி அது. அந்த 250 சிசியை ஹோண்டா ஆறு சிலிண்டர்களாகப் பிரித்தது. ஒவ்வொன்றும் 42 சிசிக்கும் குறைவு. அவ்வளவு சிறிய பிஸ்டன்களும் வால்வுகளும் இருந்ததால்தான் நிமிடத்துக்கு 18,000 சுற்று சாத்தியமாயிற்று. பிற்பாடு 1980-களின் இறுதியில் அதே ஹோண்டா, விஎஃப்ஆர்750ஆர் வண்டியில் டைட்டானியம் கனெக்டிங் ராட்களைப் போட்டு, அதைச் சாலையில் ஓட்டும்படியே விற்றது.

ஆனால் லேசான பிஸ்டன் தானாகச் சக்தியைத் தருவதில்லை. அது தருவது அதிக சுற்றுக்குப் போக அனுமதி மட்டும்தான். அந்தச் சுற்றில் எரிபொருள் கலந்த காற்று போதிய அளவு உள்ளே வரவேண்டும், புகை வெளியே போகவேண்டும். கார்புரேட்டரோ, கேமோ, வால்வு வழியோ அதற்கு ஏற்றபடி இல்லையென்றால் இன்ஜின் வெறுமனே அலறும், வண்டி முன்னேறாது. 5,000 சுற்றுக்கு மேல் மூச்சுத் திணறும் இன்ஜினில், 8,000 சுற்றைத் தாங்கும் பிஸ்டன் போட்டு என்ன பயன்?

அடுத்து அதிர்வு. ஒற்றை சிலிண்டர் இன்ஜினில் பிஸ்டனின் ஆட்டத்தை ஈடுகட்ட, கிராங்கில் ஓர் எதிர் எடை வைத்திருப்பார்கள். பிஸ்டனின் முழு எடைக்கும் ஈடு வைத்தால், மேல்கீழ் ஆட்டம் அடங்கி முன்பின் ஆட்டம் தொடங்கிவிடும். அதனால் அந்த எடையில் ஒரு பங்குக்கு மட்டும் ஈடு வைக்கிறார்கள். எவ்வளவு பங்கு என்பது அந்தந்த வண்டியின் சேஸிஸையும் ஓடும் வேகத்தையும் பார்த்து முடிவான கணக்கு. பிஸ்டனை மட்டும் மாற்றி, கிராங்கைத் தொடாமல் விட்டால் அந்தக் கணக்கு கலைகிறது. முன்பு 80 கிலோமீட்டர் வேகத்தில் வந்த அதிர்வு, நீங்கள் தினமும் ஓட்டும் 60-க்கு இறங்கி வரலாம். ஹேண்டில்பாரில் இல்லாத நடுக்கம் கால்வைக்கும் பெடலில் தொடங்கலாம். எனவே லேசான பிஸ்டன் போடுபவர், கிராங்கையும் அந்த எடைக்கு ஏற்ப பேலன்ஸ் செய்யவேண்டும். ராயல் என்ஃபீல்டு 2020-இல் மீட்டியோர் வண்டியோடு கொண்டுவந்த 349 சிசி இன்ஜினில் பழைய புல்லட்டின் நடுக்கம் பெரிதும் அடங்கியதற்கு முக்கியக் காரணம், எதிர்த் திசையில் சுழலும் தனி பேலன்சர் ஷாஃப்ட்தான்.

இனி ஃப்ளைவீல். இங்கேதான் பலரும் அவசரப்படுகிறார்கள். நான்கு ஸ்ட்ரோக் ஒற்றை சிலிண்டர் இன்ஜினில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வெடிப்பு நடக்கிறது. மீதி நேரமெல்லாம் புகையைத் தள்ளவும், காற்றை இழுக்கவும், அதை அழுத்தவும் கிராங்க் தன் வேகத்திலேயே ஓடவேண்டும். குயவர் ஒருமுறை சுழற்றிவிட்ட சக்கரம் தன் கனத்தாலேயே நெடுநேரம் சுழல்வதுபோல, ஃப்ளைவீல் வெடிப்பின் சக்தியை வாங்கிவைத்து அடுத்த வெடிப்புவரை கொடுத்துக்கொண்டிருக்கிறது. பழைய புல்லட் ஐடிலில் விட்டுவிட்டு நிதானமாகத் துடிக்கும் அழகுக்கு அந்தக் கனமே காரணம்.

அதில் எடை குறைத்தால் பலன் இல்லாமல் இல்லை. ஒரு கணக்கைக் கேளுங்கள். முதல் கியரில் பின்சக்கரம் ஒருமுறை சுற்ற இன்ஜின் 16 முறை சுற்றுகிறது, டயரின் ஆரம் 30 சென்டிமீட்டர் என்று கொள்வோம். ஃப்ளைவீலின் மையத்திலிருந்து 9 சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் ஒரு கிலோ எடையைச் சுழற்றி வேகமேற்றுவது, வண்டியில் 23 கிலோ மூட்டையைக் கூடுதலாக ஏற்றியதற்குச் சமம். அந்த ஒரு கிலோ போனால் முதல் கியரில் வித்தியாசம் நன்றாகவே தெரியும். உச்ச கியரில் இன்ஜின் ஐந்தரை சுற்று சுற்றும் என்று வைத்தால், அதே ஒரு கிலோவின் பாரம் மூன்று கிலோகூட இல்லை. அதாவது சிக்னலில் கிளம்பும்போது கிடைத்த சுறுசுறுப்பு நெடுஞ்சாலையில் கரைந்துவிடுகிறது. சீரான வேகத்தில் ஓடும்போது இன்ஜினின் அதிகபட்ச சக்தி கொஞ்சமும் கூடுவதில்லை. உச்ச வேகமும் மாறாது.

இழப்போ ஒவ்வொரு நாளும் தெரியும். ஐடில் தள்ளாடும். நெரிசலில் கிளட்ச்சைக் கொஞ்சம் வேகமாக விட்டால் வண்டி நின்றுவிடும். ஆக்சிலரேட்டரை மூடியதும் இன்ஜின் சட்டென்று பிடிக்கும், திறந்ததும் துள்ளும். பின்னால் ஆளை ஏற்றிக்கொண்டு கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் பாருங்கள். குறைந்த சுற்றில் அலுங்காமல் இழுக்கும் இன்ஜினின் அருமை அங்கே புரியும். சேறும் பாறையும் நிறைந்த காட்டுவழிப் பந்தயங்களில் ஓட்டுபவர்கள், இன்ஜின் அணையாமலும் பின்சக்கரம் வழுக்காமலும் இருக்க ஃப்ளைவீலில் எடையைக் கூட்டிக்கொள்கிறார்கள். அதற்கென்றே தனி எடை வளையங்கள் விற்கின்றன.

இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்தில் ஓடும் வண்டிக்கு நியாயம் வேறு. அது எப்போதும் உயர்ந்த சுற்றிலேயே ஓடுகிறது, வளைவுக்கு வளைவு கியர் மாறுகிறது. இன்ஜினை அடிக்கடி பிரித்துப் பார்க்க ஆள் இருக்கிறது. தேய்ந்த உறுப்பு உடனே மாறும். தினம் அலுவலகம் போய்வரும் வண்டியோ, பிரிக்காமல் பல்லாயிரம் கிலோமீட்டர் ஓடவேண்டும். எடை குறைக்க உலோகத்தைச் சுரண்டும்போது ஆயுளையும் சேர்த்தே சுரண்டுகிறோம் என்பதை மறக்கக்கூடாது.

ஒரு எச்சரிக்கையை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். நிமிடத்துக்கு 5,000 சுற்றில், 9 சென்டிமீட்டர் ஆரத்தில் இருக்கும் ஃப்ளைவீல் விளிம்பு மணிக்கு 170 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. கண்ணளவில் லேத்தில் கடைந்த இரும்பில் மயிரிழை விரிசல் இருந்தால், அது பிளந்து சிதறும்போது உங்கள் கால் அதன் பக்கத்தில்தான் இருக்கும். கடைந்த பிறகு பேலன்ஸ் பார்க்காத ஃப்ளைவீல் கிராங்க் பேரிங்கையும் தின்றுவிடும். விலை குறைவு, வேலை சுலபம் என்று யாராவது சொன்னால், தயவுசெய்து மறுத்துவிடுங்கள்.

அப்படியானால் வண்டியின் ஓட்டத்தை மேம்படுத்த நினைப்பவர் எங்கே தொடங்கலாம்? டயரில் சரியான காற்று, இழுவையும் எண்ணெயும் சரியாக உள்ள செயின், அளவு பார்த்த வால்வு கிளியரன்ஸ், சுத்தமான ஏர் ஃபில்டர். வண்டியில் தேவையில்லாமல் மாட்டிய கம்பிகளையும் பெட்டிகளையும் கழற்றுங்கள். யமஹா ஆர்எக்ஸ்100 வெறும் 98 சிசி, 11 குதிரைத் திறன். அந்த வண்டி இன்றும் பேசப்படுவதற்கு, நூறு கிலோவை ஒட்டிய அதன் மொத்த எடையும் ஒரு காரணம். இதற்குப் பிறகும் ஆசை இருந்தால், இன்ஜினை முழுதாகப் பிரிக்கும் காலம் வரும்வரை காத்திருந்து, நல்ல தரமான லேசான பிஸ்டனைப் போட்டு, கிராங்கை பேலன்ஸ் செய்யுங்கள். உழைப்பும் செலவும் அங்கே வீண்போகாது. ஃப்ளைவீலைப் பந்தயத் தடத்துக்குப் போகும் வண்டிக்கு விட்டுவிடுங்கள்.

முன்னும் பின்னும் அசையும் எடை குறைவது இன்ஜினுக்கு எப்போதும் நல்லது, கூடவே பேலன்ஸும் பார்த்தால். சுழலும் எடையோ உங்கள் சாலைக்கு ஏற்ப இருக்கவேண்டிய எடை. நம் ஊர்ச் சாலைகளுக்கு, வண்டியை வடிவமைத்தவர்கள் அதைப் பெரும்பாலும் சரியாகவே வைத்திருக்கிறார்கள்.