சிறைக்குள் இருக்கும் நோயாளி

(அரியமங்கலத்தில் நம் அறக்கட்டளையின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று பேசப்போவது கொஞ்சம் சங்கடமான விஷயம். அதனால் நம் குறையை முதலில் சொல்லிவிட்டுத் தொடங்குகிறோம்.

சில மாதங்களுக்கு முன் ஒரு தாய் நம் அலுவலகத்துக்கு வந்தார். அவருடைய மகன் பல வருடங்களாக மனநோய்க்கு மாத்திரை சாப்பிட்டு வந்தவர். மாத்திரையை நிறுத்திய பிறகு ஒரு தகராறில் ஒருவரை அடித்துக் காயப்படுத்திவிட்டார். கைதாகிச் சிறைக்குப் போய்விட்டார். அந்தத் தாய் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. வக்கீலைப் பார்க்க ஒரு துணை, போய்வரும் செலவு, அவ்வளவுதான். "குற்ற வழக்கில் நாம் தலையிடுவதில்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். அதே வாரம் டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒரு சகோதரருக்கு ஒரு கேள்வியும் கேட்காமல் காசோலை கொடுத்தோம். இரண்டுமே நோய்தான். ஒருவரிடம் "உடம்புக்கு என்ன?" என்று கேட்டோம். இன்னொருவரைப் பற்றி "என்ன செய்தான்?" என்று கேட்டோம். பாரபட்சம் என்பது இதுதான்.

மனநோயுள்ள கைதியின் மேல் இரண்டு முத்திரைகள் விழுகின்றன. ஒன்று 'பைத்தியம்', மற்றொன்று 'குற்றவாளி'. அவர் தனக்குள் குரல் கேட்கிறது என்றால், தண்டனைக்குப் பயந்து நடிக்கிறார் என்பார்கள். நெஞ்சு வலிக்கிறது என்றால், புத்தி சரியில்லாமல் உளறுகிறார் என்பார்கள். கத்துகிறவரையாவது யாராவது கவனிப்பார்கள். சாப்பிடாமல், பேசாமல், சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரை 'தொந்தரவு இல்லாத ஆள்' என்று விட்டுவிடுவார்கள். பெரும்பாலும் ஆபத்து அங்கேதான் இருக்கிறது. மருத்துவர்களும் மனிதர்கள்தானே? வழக்கு விவரத்தைப் படித்த பிறகு நோயாளியைப் பார்க்கும் கண் மாறிவிடக்கூடும்.

பாரபட்சம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஓர் உண்மைச் சம்பவம். அசாமைச் சேர்ந்த மச்சாங் லாலுங் 1951-ல் கைதானார். தேஜ்பூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். 1967-லேயே அவர் குணமாகிவிட்டார் என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். ஆனாலும் வழக்கு விசாரணையே நடக்கவில்லை. 2005-ல் ஒரு ரூபாய் சொந்த ஜாமீனில் வெளியே வந்தபோது அவருக்கு வயது 77. 54 ஆண்டுகள்! அவரை யாரும் வேண்டுமென்று பழிவாங்கவில்லை. யாரும் அவரை நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

அசாம்தானே என்று நாம் தள்ளிவிட முடியாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று நம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகம் தீப்பற்றியது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அவர்களில் யாரும் கைதிகள் அல்லர். எந்தக் குற்றமும் செய்யாதவர்களுக்கே சங்கிலி என்றால், குற்றம் சாட்டப்பட்ட மனநோயாளியின் நிலையை நாம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

அதன் பிறகு சட்டம் மாறியிருக்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, எந்த வடிவிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது ஒரு சிறையின் மருத்துவப் பிரிவிலாவது மனநலச் சிகிச்சை நிலையம் இருக்க வேண்டும் என்று அதன் 103-வது பிரிவு சொல்கிறது. மனநோயுள்ள கைதியை ஏன் சிகிச்சைக்கு மாற்றவில்லை என்று சிறை மருத்துவ அலுவலரிடம் கேட்க மனநல மறுஆய்வு வாரியத்துக்கு அதிகாரம் உண்டு. சட்டம் இருக்கிறது. கேட்பதற்குத்தான் ஆள் வேண்டும்.

நம் மார்க்கத்திலும் இது புதிய விஷயமல்ல. புத்தி தெளியாதவர் தெளியும்வரை அவர் செயல் அவர்மீது எழுதப்படாது என்ற கருத்து ஹதீஸில் உள்ளது. ஏழை, அநாதையோடு சேர்த்துக் கைதிக்கும் உணவளிப்பவர்களைத் திருக்குர்ஆன் (76:8) புகழ்கிறது. பத்தாம் நூற்றாண்டு பாக்தாதில் அமைச்சர் அலீ இப்னு ஈஸா, தலைமை மருத்துவர் ஸினான் இப்னு ஸாபித்துக்குக் கடிதம் எழுதி, சிறைகளுக்குத் தினமும் மருத்துவர்களை அனுப்பச் சொன்னார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அவர்களுக்குத் தோன்றியது நமக்குத் தோன்றவில்லையே!

கருணை என்றால் குற்றத்தை மறைப்பது என்று சிலர் நினைக்கலாம். அப்படியில்லை. அடிபட்டவருக்கும் தாய் இருக்கிறார். அவருக்கும் நியாயம் வேண்டும். வழக்கை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். மனநோய் இருப்பதாலேயே ஒருவர் விடுதலையாகிவிடுவதும் இல்லை. சர்க்கரை நோயுள்ள கைதிக்கு இன்சுலின் கொடுப்பதுபோல இவருக்கும் மருந்து தடையில்லாமல் கிடைக்க வேண்டும். நாம் கேட்பது அவ்வளவுதான்.

குடும்பத்தார் சில விஷயங்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவருக்கு மனநோய் இருந்தால் மருந்துச் சீட்டுகளை ஒரு கோப்பில் பத்திரமாக வையுங்கள். அவர் கைதானால் அன்றே அதன் நகலை வக்கீலிடமும் சிறை மருத்துவரிடமும் கொடுங்கள். ரிமாண்டின்போதே நீதிபதியிடம் சொல்லச் சொல்லுங்கள். தன் வழக்கைத் தானே புரிந்துகொள்ள முடியாத நிலையில் ஒருவர் இருந்தால், விசாரணையைத் தள்ளிவைத்துச் சிகிச்சைக்கு வழிசெய்ய நீதிமன்றத்தால் முடியும். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் 15100 என்ற எண்ணில் இலவசச் சட்ட உதவி கேட்கலாம். மனநல ஆலோசனைக்கு அரசின் டெலி மானஸ் எண் 14416. முக்கியமாக, விடுதலையாகி வந்த அன்றே மாத்திரை நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது நம் பங்கு. மூன்று கோரிக்கைகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறோம். ஒன்று, நம் மருத்துவ உதவி விண்ணப்பத்தில் மனநோயையும் சேர்ப்பது. நோயாளி சிறையில் இருக்கிறார் என்பதற்காக விண்ணப்பத்தைத் தள்ளாமல் இருப்பது. இரண்டு, இப்படிப்பட்ட குடும்பங்களோடு வக்கீலிடமும் மருத்துவமனைக்கும் துணைக்குப் போக நான்கு பேரைப் பொறுப்பாக்குவது. மூன்று, திரும்பி வருகிறவரைப் பள்ளிவாசல் வரிசையில் நம் தோளோடு தோள் நிற்கவிடுவது. மூன்றாவதற்குப் பணம் தேவையில்லை. ஆனால் அதுதான் கடினம்.

அந்தத் தாயின் வீட்டுக்கு நாளை லுஹருக்குப் பிறகு போகிறோம். முதலில் மன்னிப்புக் கேட்போம். பிறகு அந்த மருந்துச் சீட்டுகளைக் கேட்டு வாங்குவோம். கூட வர விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள். அல்லாஹ் நம் உள்ளங்களை இளகச் செய்வானாக. வஸ்ஸலாம்.