தொட்டிலின் அருகே தந்தையின் இடம்

 

  

நம் கொருக்குப்பேட்டையில் ஒரு வீட்டில் குழந்தை பிறந்தால் அந்தத் தெருவுக்கே மகிழ்ச்சி. ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனையிலிருந்து செய்தி வந்தவுடன் இனிப்பு வழங்குகிறோம். குழந்தையின் காதில் பாங்கு சொல்கிறோம். ஏழாம் நாள் முடி இறக்கி, பெயர் சூட்டி, வசதியுள்ளவர்கள் அகீகா கொடுக்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ்! இவற்றில் நாம் குறை வைப்பதில்லை.

ஆனால், நாற்பது நாள் கழிந்து, தாய்வீட்டிலிருந்து அந்தப் பெண் கைக்குழந்தையுடன் கணவன் வீட்டிற்குத் திரும்பிய பின் என்ன நடக்கிறது? ஒரே அறையும் சமையற்கட்டும் கொண்ட வீடு. நள்ளிரவில் சரக்கு ரயில் கடக்கும் ஓசையில் குழந்தை திடுக்கிட்டு அழுகிறது. கணவன், "பிள்ளையை வெளியே தூக்கிக்கொண்டு போ, காலையில் எனக்கு வேலை இருக்கிறது" என்கிறான். விடிந்தால் அவளுக்கு வேலை இல்லையா? தண்ணீர் பிடிப்பது யார்? சமைப்பது யார்? துணி துவைப்பது யார்?

சகோதரர்களே! பிறரைச் சுட்டுவதற்கு முன் என் தவறை ஒப்புக்கொள்கிறேன். என் முதல் குழந்தை பிறந்த காலத்தில், ஃபஜ்ர் தொழுகை நடத்த வேண்டும் என்று காரணம் சொல்லி, பல இரவுகள் பள்ளிவாசல் அறையிலேயே படுத்துக்கொண்டேன். அதை வணக்கம் என்றே எண்ணினேன். ஒரு நாள் வீட்டுக்குச் சென்றபோது, பால் கட்டிக் கடும் காய்ச்சலில் என் மனைவி சுருண்டு கிடந்தாள். மூன்று நாளாகக் காய்ச்சல் என்றாள். "ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டேன். "நீங்கள் இருந்தீர்களா?" என்றாள். அதற்கு என்னிடம் விடையில்லை.

நபி (ஸல்) அவர்கள் நீண்ட நேரம் தொழவைக்கும் எண்ணத்துடன் நிற்பார்கள். பின்னாலிருந்து ஒரு குழந்தையின் அழுகுரல் கேட்டால், அதன் தாய் சிரமப்படுவாளே என்று தொழுகையைச் சுருக்கிக்கொள்வார்கள். இது புகாரியில் பதிவான செய்தி. தொழுகையையே சுருக்க வைத்த அழுகுரல் அது. நானோ அந்த அழுகுரல் காதில் விழாதிருக்கத் தொழுகையைக் காரணம் காட்டினேன்!

அல்லாஹ் தன் திருமறையில் என்ன சொல்கிறான்? தாய் பலவீனத்தின் மேல் பலவீனம் அடைந்து பிள்ளையைச் சுமந்தாள் என்று லுக்மான் அத்தியாயத்தில் (31:14) நினைவூட்டுகிறான். அல்பகரா அத்தியாயத்தில் (2:233), பாலூட்டும் தாயின் உணவையும் உடையையும் தந்தையின் பொறுப்பாக்குகிறான். பிள்ளையின் பொருட்டுத் தாயும் துன்புறுத்தப்படக் கூடாது, தந்தையும் துன்புறுத்தப்படக் கூடாது என்கிறான். பால்குடி மறக்கச் செய்வதைக்கூட இருவரும் மனமொப்பிக் கலந்து பேசி முடிவு செய்யும்படி வழிகாட்டுகிறான். சிந்தியுங்கள்! நம் வீடுகளில் குழந்தையைப் பற்றி எல்லாரும் ஆலோசனை சொல்கிறார்கள். பெற்றவளிடம் யார் ஆலோசனை கேட்கிறார்கள்?

கலீஃபா உமர் (ரலி) அவர்களின் வரலாற்றைப் பாருங்கள். மதீனாவுக்கு வந்து தங்கிய ஒரு வணிகக் கூட்டத்திற்கு, அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களுடன் சேர்ந்து இரவெல்லாம் காவல் இருந்தார்கள். ஒரு குழந்தை விடாமல் அழுதது. தாயிடம் சென்று கவனிக்கச் சொன்னார்கள். மீண்டும் அழுகை. காரணம் கேட்டபோது, வந்திருப்பவர் யாரென்று அறியாத அந்தப் பெண், பால்குடி மறந்த பிள்ளைகளுக்கு மட்டுமே உமர் உதவித்தொகை வழங்குகிறார், அதனால்தான் முன்கூட்டியே மறக்கடிக்கிறேன் என்றாள். அன்று ஃபஜ்ர் தொழுகையில் உமர் (ரலி) அவர்கள் அழுத அழுகையில் ஓதியது மக்களுக்கு விளங்கவில்லை. பின்னர், பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் உதவித்தொகை உண்டு என்று அறிவித்தார்கள். பெரும் நிலப்பரப்பை ஆண்டவர், ஒரு குழந்தையின் அழுகைக்குத் தாமே பொறுப்பென்று உணர்ந்து சட்டத்தையே மாற்றினார். ஒற்றை அறையின் பொறுப்பாளர்களாகிய நாம் பழக்கத்தை மாற்றிக்கொள்ள மாட்டோமா?

இன்று பிறந்த குழந்தைக்கு என்று சில உரிமைகள் உள்ளன. அவற்றைத் தேடிப் பெறுவது தந்தையின் கடமை. பிறந்த 21 நாட்களுக்குள் பிறப்பைப் பதிவு செய்யுங்கள். 6, 10, 14 ஆவது வாரத் தடுப்பூசி நாட்களைத் தாயின் நினைவுக்கு மட்டும் விடாமல் நீங்களே குறித்து வையுங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் தகுதியுள்ள தாய்க்கு, 2018 முதல் ஊட்டச்சத்துப் பெட்டகத்தையும் சேர்த்து 18,000 ரூபாய் என்று அரசு நிர்ணயித்தது. அந்தப் பணம் அவளுடைய உணவுக்கானது. உங்கள் கடன் தவணைக்கானது அல்ல. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஒரு வயதுக்கு முன் தேன் கொடுக்க வேண்டாம் என்றும் எச்சரிக்கிறார்கள்.

கடன் வாங்கி முந்நூறு பேருக்கு பிரியாணி போடுவது அகீகா அல்ல. வசதியற்றவர் மீது அல்லாஹ் அதைச் சுமத்தவில்லை.

மாமியார்களாக இருக்கும் தாய்மார்களே! "நாங்கள் பிள்ளை பெறவில்லையா?" என்று கேட்காதீர்கள். நீங்கள் பட்ட துன்பத்தை அவளும் பட வேண்டுமென்பது நியாயமா? பிரசவித்த பெண் காரணமின்றி அழுதால், அதை நடிப்பு என்றோ, ஈமான் குறைவு என்றோ சொல்லாதீர்கள். சில நாட்களில் அது தானே தணியக் கூடும். இரண்டு வாரத்திற்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அரசின் மனநல ஆலோசனை எண் 14416 இரவு பகலாக இயங்குகிறது. தனக்கோ குழந்தைக்கோ தீங்கு நேரும்படி அவள் பேசினால், ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள், அவளைத் தனியே விடாதீர்கள்.

நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டது. குடும்பத்தாருக்குப் பணிவிடை செய்வார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்படுவார்கள் என்று விடையளித்தார்கள். தம் பேத்தி உமாமாவைத் தோளில் சுமந்துகொண்டே நபியவர்கள் தொழுதிருக்கிறார்கள். குழந்தையைத் தூக்குவது ஆண்மைக்கு இழுக்கு என்பவர், யாருடைய வழியைப் பின்பற்றுகிறார்?

இன்று இரவு குழந்தை அழுதால், ஒரே ஒரு முறை நீங்கள் எழுந்து தூக்குங்கள். மனைவியை உறங்கவிடுங்கள். இன்ஷா அல்லாஹ், அந்த விழிப்பும் உங்கள் நன்மைத் தட்டில் சேரும்.

யா அல்லாஹ்! எங்கள் தாய்மார்கள் எங்களுக்காக விழித்த இரவுகளுக்குப் பகரமாக அவர்களுக்கு அருள்புரிவாயாக! எங்கள் மனைவியரின் களைப்பை உணரும் உள்ளத்தை எங்களுக்குத் தருவாயாக! எங்கள் குழந்தைகளை ஸாலிஹானவர்களாக ஆக்குவாயாக! ஆமீன்.