விண்ணப்பமும் மறுமொழியும்

வீரகேரளம்புதூர் என்னும் ஊர்ப்பெயரில் எத்தனை எழுத்துகள் உள்ளன? தமிழாசிரியரைக் கேட்டால் 9 என்பார். கணிப்பொறியைக் கேட்டாலோ இரண்டு விடைகள் கிடைக்கும். உயிர்க்குறிகளையும் மெய்ப்புள்ளிகளையும் தனித்தனியே எண்ணும் யூனிகோடு முறையில் அப்பெயர் 15 குறிகள் கொண்டது. அவற்றை யூ.டி.எஃப்.-8 என்னும் முறையில் பதிந்தால், குறி ஒன்றுக்கு 3 பைட்டு வீதம் 45 பைட்டுகள் ஆகும்.

இது விளையாட்டுக் கணக்கு அன்று. ஊர்ப்பெயர் 40 எழுத்துக்கு மேற்படலாகாது என விதித்துவிட்டு, எழுத்துக்குப் பதிலாகப் பைட்டை எண்ணும் சேவையகம் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். தன் ஊரைத் தமிழில் பிழையற எழுதிய மாணவனின் விண்ணப்பத்தை அது தள்ளிவிடும். அன்று உதவித்தொகைக்குக் கடைசி நாளாயிருப்பின் அவன் யாரிடம் முறையிடுவான்?

சேவையகம் என்பது தொலைவிலிருந்து வரும் கோரிக்கைகளுக்கு விடை தரும் கணிப்பொறி. கைப்பேசியிலுள்ள செயலியும் அதுவும் இன்ன வடிவில் கேட்பது, இன்ன வடிவில் விடையளிப்பது என்று செய்துகொண்ட உடன்பாட்டையே ஏ.பி.ஐ. என்கிறோம். வங்கியில் பணம் கட்டும் சீட்டை நீட்டினால், எழுத்தர் அதைப் படித்துப் பார்த்த பின்னரே பணத்தை எண்ணுகிறார். சேவையகமும் அவ்வாறே முதலில் படித்துப் பார்த்தல் வேண்டும்.

‘செயலியே முன்னதாகச் சரிபார்த்து விடுகிறதே, இரட்டை வேலை எதற்கு?’ என்று நீங்கள் வினவலாம். செயலி பயனாளரின் கையில் இருப்பது. அதை ஒதுக்கிவிட்டு, எவரும் தாமே எழுதிய கோரிக்கையை நேராக அனுப்ப முடியும். ஆதலின் செயலியின் சோதனை வசதிக்கு உரியது. சேவையகத்தின் சோதனையே காவலுக்கு உரியது.

அச்சோதனையில் இரு படிகள் உண்டு. ஆதார் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 12 இலக்கங்கள். இறுதி இலக்கம் மற்றவற்றிலிருந்து கணக்கிட்டுப் பெறப்படுவது. அக்கணக்கை 1969-இல் வகுத்தவர் வெர்ஹோஃப் என்னும் நெதர்லாந்துக் கணித அறிஞர். ஓர் இலக்கம் மாறினாலும், அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலும் அது காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் அந்த எண் இன்னாருடையதுதானா என்பதை அது சொல்லாது. அதனைப் பதிவேட்டில் பார்த்தே அறிதல் வேண்டும். வடிவம் முதற்படி, உண்மை இரண்டாம் படி.

வடிவத்தை விதிப்பவருக்கு உலகறிவும் தேவை. ‘குடும்பப் பெயர் கட்டாயம்’ என்று எழுதிவிடுகிறார்கள். தந்தையின் முதலெழுத்தோடு நிற்கும் நம் பிள்ளை அங்கே எதை எழுதுவது?

இனி மறுமொழி. அதன் தலைப்பில் மூன்றிலக்க எண் ஒன்று செல்லும். 200 என்றால் நிறைவேறியது. 400 என்றால் கோரிக்கையின் அமைப்பே பிழை. 404 என்றால் கேட்ட பொருள் இல்லை. 422 என்றால் அமைப்புச் சரி, உள்ளடக்கம் ஏற்கத்தக்கதன்று. சில சேவையகங்கள் தலைப்பில் 200 என்று பொறித்து, உள்ளே ‘தவறு’ என எழுதி அனுப்புகின்றன. இது கருமாதிக் கடிதத்தின் மூலைகளில் மஞ்சள் தடவி அனுப்புவதை ஒக்கும்.

எண் மட்டும் போதாது. எந்தக் கட்டத்தில் என்ன குறை என்பதும் வேண்டும். இதற்கு நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் சோகோ நிறுவனம் 2011-இல் அலுவலகம் அமைத்தது. வாடிக்கையாளர் முறையீடுகளைக் கவனிக்கும் ‘சோகோ டெஸ்க்’ அங்கே உருவாயிற்று. அதன் ஏ.பி.ஐ. ஒரு கோரிக்கையை மறுக்கும்போது, பிழையுள்ள கட்டத்தின் பெயரைச் சொல்லி, அது விடுபட்டதா, செல்லாததா, முன்பே உள்ளதா என்பதையும் ‘ஜேசன்’ என்னும் வடிவில் தெரிவிக்கிறது. பெறுகின்ற செயலி உரிய கட்டத்தைச் சிவப்பிட்டுக் காட்ட அதுவே போதும். மறுமொழி எப்போதும் ஒரே அச்சில் வருவதால்தான் இது இயலுகிறது. பிழை தெரிவிக்கும் இவ்வடிவத்துக்கென 2023-இல் 9457 என்னும் எண்ணுள்ள பொது இணைய நெறியும் வெளியாயிற்று.

மறைக்க வேண்டிய இடமும் ஒன்று உண்டு. சேவையகமே நிலைகுலைந்தால் 500 என்னும் எண் செல்லும். அப்போது தரவுத்தளத்தின் பெயர், நிரலின் வரிகள் முதலியவற்றை மறுமொழியில் கொட்டிவிடலாகாது. திருடனுக்கு வீட்டின் வரைபடம் தந்ததாகும். அவ்விவரங்கள் சேர வேண்டிய இடம் சேவையகத்தின் குறிப்பேடு. விண்ணப்பித்தவருக்கு, அக்குறிப்பைப் பின்னர்த் தேடியெடுக்க உதவும் ஓர் அடையாள எண்ணும், ‘பிழை உம்முடையது அன்று, சற்றுப் பொறுத்து மீண்டும் அனுப்புக’ என்னும் ஒரு வரியும் சென்றால் போதும்.